பழைய டச்சு அச்சுப்படங்களையும் மரக்கட்டை அச்சகச் சின்னங்களையும் சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆன்லைன் ஏலங்களில் 17-ம் நூற்றாண்டு டச்சுப் படங்களும், புத்தக முகப்பில் அச்சகத்தார் தங்கள் அடையாளமாகப் போட்ட, இப்போது வெட்டியெடுத்து விற்கும் அச்சகச் சின்னங்களும் நிறைய வருகின்றன, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டியெடுத்த சின்னத்தை வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். முழு முகப்புப் பக்கமாக வாங்குங்கள். கட்டுவிட்டுப்போன புத்தகமாக இருந்தாலும் சரி, புத்தகத்தோடு கிடைத்தால் இன்னும் நல்லது.

சின்னம் இருப்பது தலைப்புக்கும், கீழே ஊர், அச்சகத்தார் பெயர், ஆண்டு போடும் வரிக்கும் நடுவில். கத்தரிக்கோல் பட்டால் முதலில் போவது அந்த வரிதான். லெய்டன் நகரத்து எல்சவிர் அச்சகக் குடும்பத்தையே பாருங்கள். 1620-ல் ஐசக் எல்சவிர் கொண்டுவந்த சின்னத்தில் ஒரு எல்ம் மரம், அதில் படர்ந்த திராட்சைக் கொடி, பக்கத்தில் ஒரு முதியவர், 'நோன் சோலுஸ்' ('தனியாக அல்ல') என்ற லத்தீன் வாசகம். ஆம்ஸ்டர்டாம் கிளைக்கு ரோமானியத் தேவி மினர்வாவும் ஒலிவ மரமும். இவை தவிர வானக்கோளம் ஒன்றும் உண்டு. அதை மற்ற அச்சகத்தாரும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். தனியாக வெட்டிய கோளம் கையில் இருந்தால் அது யாருடையது என்று எப்படிச் சொல்வது?

அந்த வரியையும் அப்படியே நம்பிவிட முடியாது. 'கொலோன், பியர் மார்த்தோ' என்று போட்ட புத்தகங்கள் ஏராளம். அப்படி ஒரு அச்சகத்தாரே கிடையாது. வம்பு வரக்கூடிய பிரெஞ்சுப் புத்தகங்களுக்குப் போட்ட பொய் முகவரி அது. பலவற்றை அச்சடித்தது ஹாலந்தில்தான். அப்போது எழுத்துரு, பூவேலைக் கட்டைகள், தாள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பக்கம் முழுசாக இருக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, சின்னம் செதுக்கிய மரக்கட்டையின் காயங்கள். 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரே கட்டையைப் பல வருடம் ஓட்டியிருப்பார்கள். விளிம்புக் கோடு உடைந்திருக்கும், மரம் பிளந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். பூச்சி அரித்த இடம் மை ஏறாமல் சின்ன வெள்ளை வட்டமாக விழும். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அங்கே ஓட்டை இருக்காது. அரித்தது தாளை அல்ல, கட்டையை. ஆண்டு போட்ட இரண்டு புத்தகங்களில் ஒரே கட்டையைக் கண்டுபிடித்துவிட்டால், பிளவு எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை வைத்து ஆண்டு போடாத மூன்றாவதை எங்கே வைக்கலாம் என்று ஊகிக்கலாம். அந்தச் சந்தோஷத்துக்காகவே இதைச் சேகரிக்கலாம்.

செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்களில் கவனம் வேறு. கீழே 'எக்ஸ்குடிட்' என்று இருந்தால் அது வெளியிட்டவர் பெயர், செதுக்கியவர் பெயர் அல்ல. தகடு கைமாறினால் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் போடுவார்கள். ரெம்பிராண்ட் 1669-ல் இறந்தார். அவருடைய தகடுகள் சிலவற்றிலிருந்து 1906-ல் பாரிஸில்கூடப் படம் அச்சடித்திருக்கிறார்கள். அதனால் தாளை ஜன்னலில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பியத் தாளில் கம்பி வரிகளே (தாள் செய்யும் சட்டத்தின் கம்பிகள் விட்ட கோடுகள்) தெரியவில்லை என்றால் அது 17-ம் நூற்றாண்டுத் தாள் அல்ல. தெரிந்தால் மட்டும் அசல் என்றும் ஆகிவிடாது. பின்பக்கம் சின்ன முத்திரை இருந்தால் பழைய சேகரிப்பாளருடையதாக இருக்கலாம். ஃபிரிட்ஸ் லுக்ட் தொகுத்த முத்திரைப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரெய்க்ஸ் மியூசியத்தின் படங்கள் போதும்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் தேடுவது 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வந்த, டச்சுக்காரரான பால்டேயஸ் பாதிரியாரின் புத்தகப் படங்களை. சோழமண்டலக் கரையும் இலங்கையும் அதில் இருப்பதால் அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் தனித்தனியாக விற்கிற தாள்களுக்காக எத்தனையோ பிரதிகளைப் பிரித்துப்போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பிரிந்துபோனதை வாங்குங்கள். முழுப் புத்தகத்தைப் பிரித்துத் தருகிறேன் என்று ஒரு வியாபாரி சொன்னால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.