பூச்சியின் உணர்கொம்புக்கு ‘ஆன்டெனா’ என்ற பெயர் எப்படி வந்தது?

கரப்பான்பூச்சியின் தலையில் மீசை மாதிரி ஆடுகிறதே, அதுதான் ஆன்டெனா; தமிழில் உணர்கொம்பு. தொட்டுப் பார்க்க, மணம் பிடிக்க எல்லாம் அதுதான்.

பெயர் வந்தது கப்பலிலிருந்து. லத்தீனில் ஆன்டெனா என்றால் பாய் கட்டும் குறுக்குக் கழி. அரிஸ்டாட்டில் பூச்சியின் கொம்பைக் கிரேக்கத்தில் ‘கெராயா’ என்றார். அதற்குக் கொம்பு, பாய்க்கழி என இரண்டு பொருளும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் எழுத்தை லத்தீனுக்கு மாற்றிய கிரேக்க அறிஞர் தியோடர் காசா, கழி என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு ‘ஆன்டெனா’ என்று எழுதினார். பொருத்தம்தான். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இப்போது விசைப்படகும் ஃபைபர் படகும்தான். ஆனால் பாய்மரத்திலிருந்து கழி நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பெரியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

அப்புறம், மொட்டைமாடி டிவி ஆன்டெனாவைப் பார்த்துப் பூச்சிக்குப் பெயர் வைக்கவில்லை. ரேடியோ கம்பிக்கு அந்தப் பெயர் வந்தது பல நூற்றாண்டு கழித்து.