சனிக்கிழமை மதிப்பெண்

ஐயா,

எனக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறேன், கூடவே நீட் பயிற்சி. சனிக்கிழமைதோறும் தேர்வு. நான் வீடு போய்ச் சேருவதற்குள் மதிப்பெண் அப்பாவின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். ஏழு மாதங்களுக்கு முன் அப்படி ஒரு சனிக்கிழமை, பயிற்சி மையத்துக்குப் பின்னால் உள்ள டீக்கடையில் நண்பன் நீட்டிய சிகரெட்டை வாங்கி இழுத்தேன். இப்போது நாளைக்கு நான்கு. புதினா மிட்டாயை மென்றுகொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறேன். இரண்டு முறை விட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள் இயற்பியலில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. தங்கையை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். சிகரெட் பிடித்தால்தான் டென்ஷன் அடங்குகிறது. என்ன செய்வது?

தம்பி,

கை ஓங்கியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். விஷயமே அந்த இரண்டாம் நாளில்தான் இருக்கிறது. இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அப்போது வரும் படபடப்பு நீட் தேர்வால் வருவதல்ல, சிகரெட் கேட்கும் படபடப்பு. அடுத்த சிகரெட் அதைத்தான் அடக்குகிறது. நீங்களோ பரீட்சை பயம் தணிந்ததாகக் கணக்கெழுதிக்கொள்கிறீர்கள்.

விட்ட பிறகு இந்தத் தவிப்பு உச்சத்துக்குப் போவது இரண்டாம், மூன்றாம் நாளில். அதன்பின் இறங்குமுகம், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கிவிடும். இரண்டு முறையும் ஏற்றம் முடிகிற இடத்தில்தான் திரும்பியிருக்கிறீர்கள். இம்முறை ஞாயிறு காலையில் விடுங்கள். அடுத்த தேர்வுக்குள் உச்சம் கடந்திருக்கும். தங்கையிடமும் சொல்லிவையுங்கள், பாவம், நான்கு நாள் விலகி இருக்கட்டும்.

டீக்கடையில் கிடைத்த ஆறுதலில் ஒரு பங்கு, நண்பனோடு வெளியே நின்ற ஐந்து நிமிடத்துக்கும் ஆழமாக இழுத்துவிட்ட மூச்சுக்கும் உரியது. அவற்றை விட வேண்டாம். வேறு தெருவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசை எழும்போது நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். சில நிமிடங்களில் அந்த அலை தணியும். (18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு சிகரெட் விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தக் கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?) தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசுங்கள்.

ஆனால் வாட்ஸ்அப் அப்படியே இருந்தால் சனிக்கிழமை மறுபடியும் கால் டீக்கடைக்குத்தான் போகும். “மதிப்பெண்ணை நானே சொல்கிறேன், சாப்பிட்ட பிறகு பேசுவோம்” என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்தால், எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.