படிப்பும் பொழுதும் மனசும்: மாணவர்கள் கேட்டவை, டீச்சர் சொன்னவை

உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கும் இயற்பியலும் எடுக்கிறேன். பாடத்தில் சந்தேகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர் பாடத்தைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

டீச்சர், ஒரு பாடத்தைப் பத்துத் தடவை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் ஒன்றுமே வரமாட்டேன் என்கிறது. எனக்கு ஞாபக சக்தி குறைவா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

ஞாபக சக்தியில் ஒரு குறையும் இல்லைம்மா. படிக்கிற விதத்தில்தான் சிக்கல். பத்தாவது தடவை படிக்கும்போது அந்த வரிகள் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். பழகியதைப் பார்த்ததும் மனசு 'இது தெரியும்' என்று சொல்லிவிடும். பரீட்சையில் அந்த வரி கண் முன்னால் இருக்காது, நீயேதான் உள்ளிருந்து எடுக்க வேண்டும். அப்படி எடுக்கிற வேலையை வீட்டில் ஒரு தடவைகூட நீ செய்து பார்த்திருக்க மாட்டாய்.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு சிறு கட்டுரையைப் படித்தார்கள். அதன் பிறகு சிலர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் கட்டுரையைப் பார்க்காமல் நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் கை ஓங்கியிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது, பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 சதவீதம். உனக்குப் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை அல்லவா?

அதனால் இப்படிச் செய். இரண்டு பக்கம் படி. புத்தகத்தை மூடு. வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுது, அழகாக இருக்க வேண்டியதில்லை. நாலு வரிக்கு மேல் வராது, திணறுவாய், புத்தகத்தைத் திறக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறு. பிறகு திறந்து பார்த்து, விட்டதை வேறு மையில் எழுதிச் சேர். மறுநாள் புதுத் தாளில் மறுபடி எழுது, பிறகு ஒரு வாரம் கழித்து. மறுநாளை மட்டும் தவற விடாதே. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது, போகப் போக மெதுவாகிறது என்பது அதில் தெரிந்தது.

பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

கணக்குப் போடும்போது சத்தம் குறைவாக வைத்துக் கேட்டால் பரவாயில்லை. வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டிய பாடத்துக்கு வேண்டாம். பாட்டில் வரும் சொற்களும் பக்கத்தில் இருக்கும் சொற்களும் ஒன்றோடொன்று மோதும். வார்த்தை இல்லாத இசை என்றால் தொந்தரவு குறைவு.

கழித்தல் ஒன்றுக்கு வர்க்கமூலமே கிடையாது என்று பத்தாவது வரை சொன்னார்கள். இப்போது அதையே வைத்துக் கணக்குப் போடு என்கிறார்கள். இல்லாத எண்ணை வைத்து எதற்கு இந்த விளையாட்டு? (பதினோராம் வகுப்பு மாணவன்)

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உன்னை உறுத்திய இதே விஷயம் பெரிய பெரிய கணித மேதைகளையும் உறுத்தியிருக்கிறது. பாடப்புத்தகம் இதை இருபடிச் சமன்பாட்டில் தொடங்குகிறது, அதனால்தான் வேண்டுமென்றே இட்டுக்கட்டியது போல் இருக்கிறது. இருபடியில் 'தீர்வு இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. வரலாற்றில் தொல்லை வந்தது முப்படிச் சமன்பாட்டில்.

ஒரு எண்ணின் கனம், அந்த எண்ணின் 15 மடங்கோடு 4ஐக் கூட்டினால் வருவதற்குச் சமம். அது எந்த எண்? 4 என்று வைத்துப் பார். 4இன் கனம் 64. 15 மடங்கு 60, அதோடு 4 சேர்த்தால் 64. ஆக 4 ஒரு விடை, அதில் சந்தேகமே இல்லை. இப்போது கார்டானோ என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1545இல் அச்சிட்ட சூத்திரத்தில் இதே கணக்கைப் போட்டால், 2 + √−121, 2 − √−121 இரண்டின் கனமூலங்களைக் கண்டுபிடித்துக் கூட்டச் சொல்கிறது. விடை 4 என்று கண்ணெதிரே நிற்கிறது, ஆனால் அதற்குப் போகிற வழியில் கழித்தல் 121இன் வர்க்கமூலம் குறுக்கே படுத்திருக்கிறது. 'தீர்வு இல்லை' என்று இங்கே சொல்ல முடியாது.

பாம்பெல்லி என்ற இத்தாலிய எஞ்சினியர் 1572இல் வெளியிட்ட நூலில் துணிந்து அதற்குள் இறங்கினார். நீயும் இறங்கு. 2 + √−1ஐக் கனப்படுத்திப் பார். 8 + 12√−1 − 6 − √−1 என்று வரும். சுருக்கினால் 2 + 11√−1. 11√−1 என்றால் √−121தான். அப்படியானால் முதல் கனமூலம் 2 + √−1, இரண்டாவது 2 − √−1. இரண்டையும் கூட்டு. √−1 இரண்டும் அடிபட்டுப்போய் 4 மட்டும் நிற்கும்.

இந்தக் கணக்கை வாசித்துவிட்டு மட்டும் போகாதே, தாளில் உன் கையால் போட்டுப் பார். அந்த 4 வந்து விழும்போது 'இல்லாத எண்' என்ற சொல் உனக்கே சரியாகப் படாது. பின்னால் இதன் பயன் எங்கெங்கோ போனது. மாறுதிசை மின்சுற்றுக் கணக்குகளை 1890களில் ஸ்டைன்மெட்ஸ் என்ற மின் எஞ்சினியர் இந்த எண்களால் எளிதாக்கினார். அணுவுக்குள் நடப்பதைச் சொல்ல 1926இல் ஷ்ரோடிங்கர் என்ற இயற்பியலாளர் எழுதிய சமன்பாட்டிலேயே √−1 இருக்கிறது.

ராத்திரி பன்னிரண்டு ஆனாலும் தூக்கம் வருவதில்லை. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. வீட்டில் சோம்பேறி என்று திட்டுகிறார்கள். (பத்தாம் வகுப்பு மாணவன்)

சோம்பேறித்தனம் இல்லை தம்பி. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு நேரமாகிவிட்டது என்று உடம்புக்கு அறிவிக்கிற மெலடோனின், சின்ன வயதில் சுரந்ததைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. தேவை மட்டும் குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. இந்தப் பதிலை வீட்டில் படித்துக் காட்டு.

அதற்காக ஒன்றும் செய்ய முடியாது என்றில்லை. விடுமுறை நாளில் மதியம் வரை தூங்கினால் கடிகாரம் இன்னும் பின்னால் போகும். எழுகிற நேரத்தை முடிந்தவரை மாற்றாதே. எழுந்ததும் வெயில் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில். படுக்கும் நேரத்தில் போன் இன்னொரு அறையில் இருக்கட்டும். பரீட்சைக்கு முந்தின இரவு முழுக்கக் கண்விழிப்பதை நான் எந்த மாணவனுக்கும் சொல்லமாட்டேன். பகலில் படித்தது மனதில் படிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

வகுப்பில் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எல்லோரும் சிரிப்பார்களோ என்று பயம்.

'ஒன்றுமே புரியவில்லை' என்று கேட்கத்தான் கூச்சம் வரும். அதற்குப் பதிலாக 'மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி எப்படி வந்தது?' என்று கேட்டுப் பார். அந்த வரியில் இன்னும் பத்துப் பேராவது சிக்கியிருப்பார்கள், அவர்கள் தலையை நிமிர்த்துவதை நீயே பார்ப்பாய். வகுப்பில் முடியாவிட்டால், முடிந்து வெளியே வருகிற ஆசிரியரை வாசலில் நிறுத்திக் கேள். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை.

ஐன்ஸ்டைனே கணக்கில் ஃபெயில் ஆனவர்தானே? அப்படியிருக்க எங்களை மட்டும் ஏன் மார்க் மார்க் என்று விரட்டுகிறீர்கள்?

அவர் கணக்கில் ஃபெயில் ஆகவில்லை. பதினைந்து வயதுக்குள் நுண்கணிதம் கற்று முடித்தவர். 1895இல், வழக்கமான வயதுக்கு இரண்டு வருடம் முன்னதாகவே, ஜூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வு எழுதினார். கணக்கிலும் இயற்பியலிலும் பிரமாதமாகச் செய்தார், பொதுப் பாடங்களில் தேறவில்லை. ஆராவ் என்ற ஊரில் ஒரு வருடம் பள்ளிக்கூடம் போய்விட்டு 1896இல் சேர்ந்தார். மார்க் குறைந்தவர்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக இந்தப் பொய்க்கதையைச் சொல்வது எனக்குப் பிடிக்காது. நடந்த கதையிலேயே ஆறுதல் இருக்கிறது: ஒரு பரீட்சை கைவிட்டது, ஒரு வருடம் கூடப் படித்தார், போய்ச் சேர்ந்தார்.

மார்க் பற்றிக் கேட்டாய். மார்க் வேண்டும், மேலே படிக்க அது கதவைத் திறக்கும். ஆனால் உன் அறிவுக்கும் குணத்துக்கும் அது அளவுகோல் என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் நம்பாதே, நானே சொன்னாலும்.

என் ஃபிரண்ட்ஸ் எல்லோருக்கும் ஒரு ஆர்வம் இருக்கிறது. ஒருத்திக்கு ஓவியம், ஒருத்திக்கு கோடிங். எனக்கு எதிலும் பெரிதாக ஈடுபாடு இல்லை. எந்தப் பிரிவை எடுப்பது என்றே தெரியவில்லை. (பத்தாம் வகுப்பு மாணவி)

ஆர்வம் உள்ளே எங்கேயோ ஒளிந்திருக்கிறது, தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைக்கிறாய். நான் பார்த்தவரை அது அப்படி வருவதில்லை. ஒன்றில் கைவைத்து, கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் ஆர்வம் வருகிறது. உன் தோழியும் ஓவியம் பிடித்ததால் மட்டும் வரையவில்லை. வரைய வரையப் பிடித்துப்போனது.

டார்வினை எடுத்துக்கொள். அப்பா மருத்துவர். மகனையும் 1825இல் எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார். மயக்க மருந்தே இல்லாத காலம், அறுவை சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் அவர் படிப்பை விட்டார். பிறகு பாதிரியாராகலாம் என்று கேம்பிரிட்ஜ் அனுப்பினார்கள். அங்கே அவர் உயிரைக் கொடுத்துச் செய்தது வண்டு பிடிப்பதுதான். ஒருநாள் மரப்பட்டையை உரித்தபோது அபூர்வமான வண்டுகள் இரண்டு கிடைக்க, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதும் தென்பட்டது. கையில் இருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அதைப் பிடிக்கப் போனார். வாயில் போட்டது காரமான திரவத்தைப் பீய்ச்சியடிக்க, துப்பிவிட்டார். துப்பியதும் போனது, மூன்றாவதும் தப்பியது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். வண்டு பிடிப்பது ஒரு படிப்பாகும் என்று அப்போது அவர் வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது. 1831 டிசம்பரில் கப்பலேறினார், மீதி உனக்கே தெரியும்.

பிரிவு எடுப்பதற்கு ஒரு யோசனை. எந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தை முதலில் எடுக்கிறாய் என்று இரண்டு வாரம் கவனித்துப் பார். எதில் மார்க் அதிகம் என்பதைவிட அது உண்மையாகச் சொல்லும். 'இந்தப் பாடம் சுத்தமாக வேண்டாம்' என்று ஒன்று தெரிந்தாலே போதும், பாதி வேலை முடிந்தது.

என் நெருங்கிய தோழி இந்த வருடம் வேறு செட்டோடு சேர்ந்துவிட்டாள். இப்போது முகம் கொடுத்துக்கூடப் பேசுவதில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

தப்பு செய்தவள்தான் தனியாக விடப்படுவாள் என்று நினைக்காதே. இந்த வயதில் வருடத்துக்கு வருடம் ஆள் மாறுகிறது, சேர்க்கையும் மாறுகிறது. ஒரே ஒரு தடவை, மற்றவர்கள் இல்லாதபோது, 'உன்னோடு பேசாமல் கஷ்டமாக இருக்கிறது' என்று நேராகச் சொல்லிவிடு. சண்டை வேண்டாம், நடுவில் தூது வேண்டாம், ஸ்டேட்டஸில் மறைமுகமாக எதுவும் போட வேண்டாம். அவள் திரும்பி வந்தால் நல்லது. வராவிட்டால் வருத்தப்படு, வருத்தம் வரத்தான் செய்யும். சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவது என்பதுதான் உடனடிப் பிரச்சினை என்று எனக்குத் தெரியும். தனியாக உட்காருகிற இன்னொருத்தி உன் வகுப்பிலேயே இருப்பாள். போய்ப் பக்கத்தில் உட்கார்.

படி, வேலைக்குப் போ, சம்பாதி, கடைசியில் எல்லோரும் சாகத்தானே போகிறோம். இதெல்லாம் எதற்கு என்று இரவில் அடிக்கடி தோன்றுகிறது. நான் நார்மலா டீச்சர்? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்)

இந்தக் கேள்வி உன் வயதில் வருவதில் விபரீதம் ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைக்கு இப்படி யோசிக்கத் தெரியாது. உனக்கு இப்போதுதான் மொத்த வாழ்க்கையையும் தள்ளி நின்று பார்க்கிற சக்தி வந்திருக்கிறது. பார்த்ததும் திகைக்கிறாய். பதிலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டால் உனக்கு அது ஒட்டாது. இரவில் தோன்றியதை நோட்டில் எழுதி வை, மறுநாள் காலை வாசித்துப் பார். சில வரிகள் களைப்பில் வந்தவை என்று தெரியும். சில வரிகள் பகலிலும் அப்படியே நிற்கும், அவற்றைப் பேசத் தகுந்த ஆளிடம் பேசு.

ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்கிறேன். இது யோசனையாக இருக்கிறதா, பாரமாக இருக்கிறதா? முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது, நான் இல்லாவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது என்றால் அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொள்ளாதே. உடம்புக்குக் காய்ச்சல் வருவது போல மனதுக்கும் நோய் வரும், அதற்கு மருத்துவம் இருக்கிறது. இன்றைக்கே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல். அவர்களிடம் முடியாவிட்டால் நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் சொல். தள்ளிப்போடாதே.

பத்தாவது படிக்கிற மகன் இரவு பைனாகுலரை எடுத்துக்கொண்டு வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பரீட்சை வருடத்தில் நேரம் வீணாகிறதே. தடுக்கலாமா? (ஒரு தாய்)

தயவுசெய்து தடுக்காதீர்கள் அம்மா. நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், அதுவும் தூக்கம் கெடாமல் இருப்பதற்காக மட்டும். அரை மணி நேரம் போதும்.

அவனிடம் வியாழன் கோளைப் பார்க்கச் சொல்லுங்கள். பைனாகுலரைக் கையில் பிடித்தால் ஆடும், சுவரிலோ கம்பத்திலோ சாய்த்துப் பிடிக்க வேண்டும். வியாழனுக்கு இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவைதான் கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்த நிலவுகள்: அயோ, யூரோப்பா, கனிமீட், காலிஸ்டோ. சில இரவுகளில் நான்கும் தெரியாது, ஒன்றிரண்டு வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும். ஒவ்வொரு இரவும் நோட்டில் ஒரு வட்டமும் புள்ளிகளும் வரைந்து தேதியும் மணியும் எழுதட்டும். கலிலியோவும் இதையேதான் செய்தார். வியாழனை ஒரு சுற்றுச் சுற்ற அயோவுக்கு ஏறக்குறைய 42 மணி நேரம் ஆகிறது, காலிஸ்டோவுக்குக் கிட்டத்தட்ட 17 நாள். தினமும் வரைந்தால் தூரத்தில் இருப்பது மெதுவாக நகர்வதை அவன் படத்திலேயே பார்ப்பான். சுற்றுகிற தூரத்தையும் சுற்ற ஆகும் நேரத்தையும் இணைக்கிற கெப்லரின் மூன்றாம் விதியை வகுப்பில் நடத்தும்போது அவனுக்கு அது சொந்த அனுபவமாக இருக்கும். அயோ வியாழனின் நிழலுக்குள் மறையும் நேரம் முன்பின்னாக வருவதைக் கவனித்துத்தான், ஒளி பயணம் செய்ய நேரம் எடுத்துக்கொள்கிறது என்று 1676இல் ரோமர் என்ற வானியலாளர் கண்டுபிடித்தார்.

வியாழன் வருடம் முழுக்க மாலையில் தெரியாது. இல்லாத மாதங்களில் நிலாவின் பள்ளங்களைப் பார்க்கலாம், முழுநிலாவைவிடப் பிறை நாட்களில் அவை நன்றாகத் தெரியும். பைனாகுலரைப் பகலில் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, கண் போய்விடும். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.