வாசகர் கேள்விகள்: வாத்தியார் விட்டுப்போன வேலை

கேள்வி: என் அக்கா மகன் திருவனந்தபுரத்தில் படிக்கிறான். ஜூன் 19 வாசிப்பு நாளாம், பள்ளியில் 'பணிக்கர் சார்' பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். யார் இந்தப் பணிக்கர்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: பி.என். பணிக்கர். முழுப்பெயர் புதுவாயில் நாராயண பணிக்கர். குட்டநாட்டில் தண்ணீரும் வயலுமாக இருக்கும் நீலம்பேரூர் கிராமத்தில் 1909-ல் பிறந்து, சொந்த ஊரிலேயே பள்ளிக்கூட வாத்தியார் ஆனவர். 1995 ஜூன் 19 அன்று இறந்தார். அடுத்த வருடத்திலிருந்து அந்தத் தேதியைத்தான் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. எத்தனையோ பெரிய கவிஞர்களும் நாவலாசிரியர்களும் பிறந்த மண்ணில், படிப்பதற்கென்று ஒரு நாள் வேண்டும் என்றபோது ஒரு வாத்தியாரின் நினைவு நாளை எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள், அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1926-ல், பதினேழு வயதில், ஊரில் ஒரு வாசகசாலை தொடங்கினார். அப்புறம் வேலை அம்பலப்புழைக்கு மாறியது, அங்கேயும் பி.கே. நினைவு நூலகம் எழுந்தது. போகிற இடத்திலெல்லாம் இதே வேலைதான். அந்த அம்பலப்புழையில்தான் 1945 செப்டம்பரில், திருவிதாங்கூர் முழுக்க ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடந்துகொண்டிருந்த 47 நூலகங்களின் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு சங்கம் ஆக்கினார். கூட்டத்தைத் தொடங்கிவைத்தவர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். அன்றைய திருவிதாங்கூரில் உங்கள் நாகர்கோவிலும் சேர்த்திதான், அதனால் இது உங்களுக்கு அக்கம்பக்கத்துக் கதை இல்லை, உங்கள் வீட்டுக் கதை.

47 என்பது பிறகு ஆயிரக்கணக்கில் வளர்ந்தது. அதற்காக அவர் ஊர் ஊராக அலைந்தார், "வாயிச்சு வளருக" (வாசித்து வளருங்கள்) என்று சொல்லிக்கொண்டே 1972-ல் நடைப்பயணமாகவும் போனார். 1975-ல் எழுத்தறிவுப் பணிக்கான யுனெஸ்கோவின் க்ரூப்ஸ்கயா விருது அந்தச் சங்கத்துக்குக் கிடைத்தது. 1977-ல் சங்கத்தை அரசு எடுத்துக்கொண்டது. முப்பது வருடத்துக்கு மேல் கட்டி வளர்த்தது கையைவிட்டுப் போகிறது, வயதோ அறுபத்தெட்டு. யாராக இருந்தாலும் சரி போதும் என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் அதே வருடம் கான்ஃபெட் என்ற அமைப்பைத் தொடங்கி, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில், முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்ற அறிவிப்பை வாசித்தவர் மலப்புறத்துக்காரரான சேலக்கோடன் ஆயிஷா, முதிய வயதில் எழுத்துப் படித்த பெண்மணி. அந்த நாளுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தொண்டர்களின் உழைப்பு இருக்கிறது, அதற்கு முன்கூட்டியே தடம் போட்டவர்களில் பணிக்கர் சார் முக்கியமானவர்.

பையனிடம் இன்னொன்றும் எழுதச் சொல்லுங்கள். கேரளத்து ஊர் நூலகங்கள் பலவற்றில், புத்தகம் எடுக்க வரமுடியாத பெண்களுக்காக ஒருவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். வாசலில் நின்று பழைய புத்தகத்தை வாங்கி நோட்டில் குறித்துக்கொண்டு, பையைத் திறந்து காட்டுவார். அடுப்பில் உலை இருக்கிறபோதே ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அடுத்த நாவலைத் தேர்ந்தெடுப்பார்கள். விருதைவிட இதை எழுதினால் கட்டுரை நன்றாக இருக்கும்.

கேள்வி: தமிழ்நாட்டில் மட்டும் ஏன் அப்படி ஊர்க்காரர்கள் நடத்தும் நூலகங்கள் பெருகவில்லை?
- வாசகர், தென்காசி

பதில்: நமக்கு வழி வேறாக அமைந்தது. 1948-லேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதில் பெரியது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், கிளை நூலகத்தை அரசு நடத்துகிறது. கேரளத்தில் ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு நடத்துகிறார்கள், நூலகக் கவுன்சில் மானியம் தருகிறது. நம் முறையில் ஊழியரும் புத்தகமும் ஓரளவு உறுதி, ஆனால் 'இது நம்முடையது' என்ற எண்ணம் ஊருக்குக் குறைவு. உங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இருந்தால் சேருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் டீச்சர் ஒருவர், ஓய்வுபெற்ற பிறகும் பதினைந்து வருடத்துக்கு மேல் தன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தவர், முதியோர் பென்ஷன் மனுவெல்லாம் எழுதிக்கொடுத்தவர், போன மாதம் காலமாகிவிட்டார். சிலை வைக்கலாம் என்கிறார்கள் சிலர், படத்திறப்பு போதும் என்கிறார்கள் சிலர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- பழைய மாணவர், மணப்பாறை பக்கம்

பதில்: படித்ததும் மனசு கனத்துவிட்டது. டீச்சரின் குடும்பத்துக்கு என் அனுதாபங்களைச் சொல்லுங்கள்.

சிலை வேண்டாம் தம்பி. அதற்குத் திரட்டும் பணத்தைப் பள்ளியின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, வட்டியில் வருடாவருடம் ஒரு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகச் செலவைக் கொடுக்கலாம். தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் வைத்துப் பேசி, யார் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரெண்டு வருடத்தில் சண்டை வரும். படத்திறப்பை வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் "தன்னலமற்றவர், தியாகச் சுடர்" என்று பேசி இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டீச்சர் யார் வீட்டுக்குப் போய் "பொண்ணைப் பத்தாவதோட நிறுத்தாதீங்க" என்று சொன்னார், யாருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினார், மனு எழுதிக்கொடுத்து யார் பாட்டிக்குப் பென்ஷன் வந்தது, இதையெல்லாம் சம்பந்தப்பட்டவர்களே எழுந்து சொல்லட்டும். ஒருத்தர் போனில் பதிவு செய்யட்டும். பென்ஷன் வாங்கும் பாட்டிமார்களிடம் முதலில் கேளுங்கள், அவர்களுக்கும் வயதாகிறது.

அப்புறம், அந்தத் திண்ணை. இருட்டியதும் அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே போகிறார்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது ஊர்தோறும் தன்னார்வலர்கள் பாடம் எடுத்தார்கள். உங்கள் ஊரிலும் யாராவது எடுத்திருப்பார்கள், விசாரியுங்கள். டீச்சர் குடும்பத்தார் சம்மதித்தால் அதே திண்ணையில், இல்லாவிட்டால் ஊர்ச் சாவடியில், வாரத்துக்கு ஒரு நாள் உங்களால் வரமுடியுமா, வேறு யாரால் முடியும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். டீச்சர் பிள்ளைகள் பெயர் எழுதிவைத்த நோட்டு ஏதாவது வீட்டில் இருந்தால், பழைய பேப்பரோடு போய்விடாமல் இந்த வாரமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.