அட்டைப்பெட்டி நிறமாலைமானி

கேள்வி: அட்டைப்பெட்டியும் பழைய டிவிடியும் வைத்து, ஒளியை வண்ணங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி செய்தேன். வண்ணங்கள் தெரிகின்றன, ஆனால் கலங்கலாக ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. எங்கே தப்பு?

பதில்: நூற்றுக்குத் தொண்ணூறு, ஒளி பெட்டிக்குள் நுழையும் பிளவில்தான். என் முதல் பெட்டியில் கத்தரிக்கோலால் வெட்டிய பிளவு 2 மில்லிமீட்டர் அகலம். வானவில்லைக் கரைத்து ஊற்றியதுபோல் தெரிந்தது. அப்புறம் இரண்டு சவர பிளேடுகளின் விளிம்புகளை, நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டு ஒட்டினேன். கோடுகள் பளிச்சென்று பிரிந்தன. (விரலையும் வெட்டிக்கொண்டேன், அது வேறு கதை.)

பிளவு, ஒளி விழும் இடத்தில் டிவிடியின் தடங்களுக்கு (தட்டில் வட்டவட்டமாக ஓடும் நுண்ணிய வரிகளுக்கு) இணையாக இருக்கட்டும். டிவிடி தடங்களின் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், சிடியில் 1.6. அதனால் டிவிடி வண்ணங்களை இன்னும் அகலமாக விரிக்கும். உங்கள் தேர்வு சரிதான்.

சரிபார்க்க, சுருள் வடிவ சிஎஃப்எல் விளக்கைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் பாதரசத்தின் பச்சைக் கோடு 546 நானோமீட்டர் அலைநீளத்தில் தனியாக நிற்க வேண்டும். குண்டு பல்பில் கோடு தேடாதீர்கள், அங்கே தொடர்ச்சியான பட்டைதான். வெள்ளை எல்இடியில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு மங்கல் பள்ளம் தெரியும். எனக்குப் பிடித்த காட்சி அது.

சூரியனை நோக்கி மட்டும் பெட்டியைத் திருப்ப வேண்டாம். வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பும் வெயிலே போதும்.