சுக்கிரவார்பேட்டை வளவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கங்க. ஏழு வருஷம் கழித்து மாசித் தேருக்குக் கோயமுத்தூர் டவுனுக்கு வந்திருந்தேன். ராஜவீதியில் கோனியம்மன் தேர் நகர்ந்ததும் கூட்டத்திலிருந்து பிரிந்து, சுக்கிரவார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வளவைத் தேடிப் போனேன். ஒரே வாசலுக்குள் எட்டு வீடு சேர்ந்த வளவு. இப்போது வீட்டுக்கு ஆறேழு வடநாட்டுப் பையன்கள், எல்லாரும் நகைப் பட்டறை வேலை. அம்மா கோலம் போட்ட வாசலில் பான் எச்சில். முக்கு டீக்கடையில் என்னிடமே இந்தியில் காசு கேட்டான். பிறந்த தெருவில் விருந்தாளியாக நின்றேன்.

பழைய நகரப் பகுதிகளின் முகம் மாறுவதற்கு ‘ஜென்ட்ரிபிகேஷன்’ என்று பேர் இருப்பதாக என் மகள் சொல்கிறாள். பேர் எதுவானால் என்ன, வந்தவர்கள் நம்மை வெளியே தள்ளிவிட்டார்கள் என்பதுதானே நடந்தது? நீங்களும் அந்தப் பக்கத்துக்காரர். இதைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

பி.கு.: உள்ளே போகக் கூச்சமாக இருந்தது, வாசலோடு திரும்பிவிட்டேன். வளவு நடுவில் ஒரு கிணறு இருந்தது. அந்தப் பக்கம் போனால் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே., வடவள்ளி

அன்புள்ள கே.,

நீங்கள் வளவைக் காலி செய்தது எந்த வருஷம் என்று கடிதத்தில் இல்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும். பையன்கள் வந்ததால் நீங்கள் கிளம்பினீர்களா, நீங்கள் கிளம்பிய வீட்டுக்குப் பையன்கள் வந்தார்களா?

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா தாராபுரம் பக்கம். மழை பொய்த்து, மில் வேலை தேடி வந்தவர். நீலகிரி பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்து 1930களில் இங்கே மில்கள் பெருகிய காலம் அது. அவர் வாடகைக்குப் பிடித்த இடத்தை அப்பா கிரயம் செய்தார். 2009இல் அண்ணனும் நானும் விற்றோம். கார் நிறுத்த இடமில்லை, அம்மாவுக்குப் படி ஏற முடியவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டோம். சென்ட் என்ன விலை போகிறது என்று கேட்ட அன்றைக்கே எங்களுக்கு மனசு நிலைகொள்ளவில்லை என்பதுதான் நிஜம். வாங்கியவர் பீகாரி இல்லை. நம்ம ஊர், நம்ம பேச்சு. குடோன் கட்டினார். அங்கே வாடகைக்கு இருந்த நான்கு குடும்பங்களுக்கு மூன்று மாசக் கெடு கொடுத்தது அவரில்லை, நாங்கள். அதில் ஒருவர் எங்கள் துணிகளுக்கு இஸ்திரி போட்டவர். அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவே இல்லை.

இனி மகள் சொன்ன சொல். ரூத் கிளாஸ் என்கிற சமூகவியலாளர் 1964இல் லண்டனைப் பற்றி எழுதும்போது உண்டாக்கியது. கூலிக்காரர்கள் வாடகைக்கு இருந்த தெருக்களுக்கு வசதியான குடும்பங்கள் வந்து சேருகின்றன. வீடுகள் புதுப் பொலிவு பெறுகின்றன, விலை ஏறுகிறது, பழைய குடிகள் தாக்குப்பிடிக்க முடியாமல் கிளம்புகிறார்கள். ‘ஜென்ட்ரி’ என்றால் சொத்துபத்துள்ள மேட்டுக்குடி. (அந்த அம்மாளே பெர்லினில் பிறந்து லண்டனில் குடியேறியவர்தான்.) ஒரு அறையில் ஏழு பேராகப் படுத்து, மிச்சம் பிடித்ததை வங்காளத்து மேதினிப்பூருக்கு அனுப்புகிற பையனை எந்தக் கணக்கில் மேட்டுக்குடியில் சேர்ப்பது?

நம் டவுனில் நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ். வசதியானவர்கள் உள்ளே வரவில்லை, வெளியே போனார்கள். பிளேக் அடித்த காலத்தில் நெரிசலுக்குப் பயந்து மேற்கே நகர்ந்தார்கள், ஆர்.எஸ்.புரம் வளர்ந்தது. பிளேக் மாரியம்மன் இன்னும் கோயில் கொண்டிருக்கிறாள். 1997 நவம்பர் கலவரமும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பும் அடுத்த அலை. ஒரே தெருவில் கலந்து இருந்தவர்கள் அவரவர் ஆட்கள் இருக்கும் பக்கமாக ஒதுங்கினார்கள். அதை நாம் இன்றைக்கும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உங்கள் கடிதத்திலும் இல்லை, நான் எழுதியவற்றிலும் இல்லை. பிறகு வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி என்று புறநகருக்குப் போனார்கள்.

போனவர்களில் எல்லாரும் விற்றுவிடவில்லை. வாடகைக்கு விட்டார்கள். அதில்தான் சூட்சுமம். முன்பு வீட்டுக்கு இவ்வளவு என்று வாடகை, இப்போது தலைக்கு இவ்வளவு. ஏழு தலை கொடுப்பதை ஒரு குடும்பம் கொடுக்க முடியுமா? உடைந்த கூரை ஓட்டைக்கூட மாற்றித் தராமல் நாலு மடங்கு வாங்கலாம் என்றால் எந்த வீட்டுக்காரர் குடும்பத்துக்கு விடுவார்? ஆகவே நீங்கள் பாதி சரி. பையன்கள் வந்ததால் வாடகை ஏறியது. ஏறிய வாடகை போய்ச் சேருகிற பை யாருடையது என்று மட்டும் பாருங்கள்.

லண்டன் அம்மாள் சொன்னதை இங்கே பார்க்க வேண்டுமானால் குளக்கரைக்குப் போங்கள். பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம். கரையோரம் தலைமுறையாக இருந்தவர்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரைக்கு நடைபாதை வந்தது, விளக்கு வந்தது, செல்பி எடுக்க எழுத்துப் பலகை வந்தது. வீடு கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது. விடியற்காலை டவுனைக் கூட்டப் போகிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் கீரணத்தத்திலிருந்து பஸ் வேண்டுமே. நானும் சாயங்காலம் அந்தக் கரையில்தான் நடக்கிறேன், காற்று நன்றாகத்தான் இருக்கிறது.

தெருப் பெயர்களைச் சொல்லி உங்களை மடக்குவது சுலபம். ஒப்பணக்கார வீதி என்பது தெலுங்கு பேசிய வியாபாரிகளின் பெயர். தேவாங்கப்பேட்டையில் கன்னடம் பேசிய நெசவாளர்கள். பஞ்சு வியாபாரத்துக்கு வந்த குஜராத்திகளின் பேரன்கள் நம்மைவிட அழுத்தமாக ‘ஏனுங்க’ போடுகிறார்கள். ஆனால் இதைக் கேட்டு உங்கள் வருத்தம் தீராது என்று தெரியும். அவர்கள் குடும்பமாக வந்தார்கள், கோயில் கட்டினார்கள், சம்பந்தம் செய்தார்கள். இந்தப் பையன்கள் தனியாக வருகிறார்கள், ரெண்டு வருஷத்தில் வேறு ஊருக்குப் போகிறார்கள். தெருவில் கிழவிகள் இல்லை, குழந்தைகள் இல்லை, கோலம் போட ஆள் இல்லை. நீங்கள் எதைத் தேடிப்போனீர்களோ அது நிஜமாகவே அங்கே இல்லை. நாளைக்கே எல்லாரும் ரயிலேறினாலும் வரப்போவதுமில்லை. இடம் குடோனாகும்.

பான் எச்சிலுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் எரிச்சல்தான். டீக்கடைக்காரனோடு நான் தமிழில்தான் பேசுகிறேன், பதிலும் தமிழில் வருகிறது. ‘சக்கர கம்மிங்களா?’ என்று கேட்கிறான். உங்களை அவன் சேட்டு என்று நினைத்திருப்பான், நீங்கள் கொஞ்சம் சிவப்பு.

கிணறு. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு பையன் பல் துலக்கிக்கொண்டே கதவைத் திறந்தான். கிணறு இருக்கிறது. மேலே இரும்பு வலை, பக்கத்தில் மோட்டார், தண்ணீர் குளிக்க மட்டும். துவைக்கிற கல்லும் அங்கேயே கிடக்கிறது. மேற்கு வரிசை நாலு வீட்டையும் இடித்துவிட்டார்கள். உங்களுடையது எந்த வரிசை என்று எழுதவில்லையே? கிழக்கு வரிசைக்கு ஜூன் வரை கெடு என்றான் அந்தப் பையன். வேறு ரூம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், எனக்குத் தெரிந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். வருவதாக இருந்தால் அதற்குள் வாருங்கள். உள்ளே போகக் கூச்சமாக இருந்தால் நானும் கூட வருகிறேன்.