பேக்கப் எடுப்பது இருக்கட்டும், கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை மொத்த வணிகம் செய்கிறோம். பில்லிங்கும் சரக்கு இருப்பும் அமேசான் கிளவுடின் மும்பை மையத்தில் உள்ளன. ஹைதராபாத்தில் இரண்டாவது சர்வர் வைத்தால் எந்தப் பேரிடரிலும் 15 நிமிடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கூறி, எங்கள் ஏஜென்ட் மாதந்தோறும் பெருந்தொகை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மும்பை மையம் முழுவதுமாக முடங்கும் நாளில் அந்த இரண்டாவது சர்வர் கைகொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் ஊழியர் ஒருவர் கைதவறி வாடிக்கையாளர் பட்டியலை அழித்தாலோ, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் புகுந்தாலோ, மும்பையில் நடப்பதை உடனுக்குடன் நகலெடுப்பதே அந்த சர்வரின் வேலை என்பதால், அந்தச் சேதமும் சில நொடிகளில் ஹைதராபாத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உங்களுக்கு முதலில் வேண்டியது, நேற்றைய நிலைக்கும் போன வார நிலைக்கும் திரும்பிச் செல்ல உதவும் தேதிவாரியான பேக்கப்.

அதற்கும் முன்னால், கிளவுட் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஏஜென்ட் தம் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, ஓடிபி தம் கைபேசிக்கே வரும்படி வைத்துக்கொள்வது நம் ஊர்களில் சர்வசாதாரணம். அவர் பணம் கட்டாமல் விட்டாலோ, உங்களுக்கும் அவருக்கும் மனத்தாங்கல் வந்தாலோ, இரண்டு ஊர்ச் சர்வர்களும் ஒன்றாகவே கைவிட்டுப் போகும். 2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் நிர்வாகப் பக்கத்துக்குள் புகுந்த ஒருவன், தரவுகளோடு பேக்கப்புகளிலும் பெரும்பகுதியை அழித்தான். அந்நிறுவனம் அத்துடன் தொழிலையே நிறுத்திக்கொண்டது. எனவே எல்லா அதிகாரமும் கொண்ட முதன்மைக் கணக்கான ரூட் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பேக்கப்பின் ஒரு நகல், ஏஜென்டுக்குக் கடவுச்சொல் தெரியாத தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

உங்கள் டேட்டாபேஸ், அதைப் பராமரித்துத் தரும் அமேசானின் ஆர்டிஎஸ் (RDS) சேவையில் இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அதன் தானியங்கி பேக்கப் அதிகபட்சம் 35 நாள்தான் தங்கும். டேட்டாபேஸை நீக்கும்போது பேக்கப்பைத் தக்கவைக்கும்படி குறிக்காவிட்டால், அதுவும் கூடவே நீங்கிவிடும். நாமே எடுக்கும் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாபேஸின் நகல், அப்படி நீங்காது. ஆனால் அமேசான் தானாகத் தரும் இயல்புக் குறியாக்கச் சாவியால் (encryption key) அது பூட்டப்பட்டிருந்தால் வேறு கணக்குடன் பகிர இயலாது. நீங்கள் உருவாக்கிய சாவியைக் கொண்டு இன்னொரு நகல் எடுத்து, அந்தச் சாவிக்கும் அனுமதி அளித்த பிறகே பகிர முடியும். விற்கும்போது இவற்றை எவரும் வாய்திறந்து சொல்வதில்லை; தரவு தொலைந்த பிறகு, அதைக் காப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள். சிறு வணிகர் அத்தனை பக்க ஆங்கிலத்தையும் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

15 நிமிடம் என்ற வாக்குறுதியைப் பணம் கொடுப்பதற்கு முன்பே சோதித்துவிடலாம். போன வெள்ளிக்கிழமை பேக்கப்பை ஒரு புதிய சர்வரில் ஏற்றி, அன்றைய கடைசி பில்லை அச்சிட்டுக் காட்டும்படி உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதையே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.